காத்தமுத்துவின் முதல் தட்டு

செங்காட்டுச் சிறையின் நாலாம் பிளாக்கில், ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆயுள் கைதி காத்தமுத்து ஒரு தட்டுப் பொங்கலை வழித்துத் தின்றுவிட்டு எழுந்தபோது, அவன் வயிறு தின்பதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே காலியாக இருந்தது. பதினோரு மணிக்குத் தகர அச்சில் அமுக்கிக் கவிழ்த்த சோற்றையும் அதன்மேல் ஊற்றிய சாம்பாரையும் தின்றான், அதுவும் போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் நாலரைக்கு ராத்திரிச் சாப்பாட்டை வாங்கித் தின்றான், அதுவும் போயிற்று. அன்றைக்கு மட்டுமா, மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் தின்ற சோறு தொண்டையைத் தாண்டியதும் வேறெங்கோ போய்க்கொண்டே இருந்தது.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். பொய்ப் பத்திரம் எழுதியதற்காகத்தான் என்னை உள்ளே போட்டார்கள். அந்தப் பொய்க்கு ஏழு வருஷம் கம்பி எண்ணியாகிவிட்டது, இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் நாலாம் பிளாக்குக்கு என்னையே ரைட்டர் ஆக்கினார்கள். கைதிகளின் கடிதங்களை எழுதுவது நான், விண்ணப்பங்களை எழுதுவது நான், சொந்தக்காரர்கள் பார்க்க வரும் நாளில், அதற்கு உள்ளே மனு என்று பேர், மனு அறையில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று நோட்டில் குறிப்பதும் நான். ஆகவே இந்தக் கதையில் பாதி என் கண்ணால் பார்த்தது, மீதி என் காதால் கேட்டது.

வெளியே இருப்பவர்களுக்கு ஒரு நாளில் மூன்று தடவை சாப்பாடு வருகிறது. உள்ளே எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கும் இன்னொரு சாப்பாட்டுக்கும் நடுவே எப்படியோ ஒரு நாள் வந்து போகிறது. காலை ஏழுக்குப் பொங்கலோ கஞ்சியோ, பதினொன்றுக்குப் பகல் சோறு, நாலரைக்கு ராத்திரிச் சோறு. ஆறு மணிக்குத் தலையை எண்ணிக் கதவைப் பூட்டவேண்டும் என்பதால் வெயில் தாழ்வதற்குள் எங்கள் இரவு உணவு முடிந்துவிடும். சிலர் அதை மூடிவைத்து இருட்டியபின் விறைத்துப்போனதைத் தின்பார்கள், காத்தமுத்து வாங்கிய சூட்டிலேயே தின்று முடிப்பவன். ஞாயிற்றுக்கிழமை கோழி, அதாவது கோழி குளித்துவிட்டுப் போன குழம்பு. கொலை செய்துவிட்டு வந்தவன்கூட உள்ளே அடுத்தவன் தட்டில் ஒரு துண்டு கூடுதலாக விழுந்துவிட்டதென்று கண்ணீர் விடுவான். நானே ஒருமுறை ஒரு உருளைக்கிழங்குக்காக ஆறு மாதம் ஒருவனோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் தின்று பசியோடு எழுந்தால் மறைக்க முடியுமா? முதலில் கண்டுபிடித்தது கக்கூஸ் வரிசைதான். காலையில் நாற்பது பேர் ஐந்து கக்கூஸுக்கு நிற்கிற பிளாக்கில், நாலு நாளாகக் காத்தமுத்துவை வரிசையிலேயே காணோம். மூலமா, மலச்சிக்கலா என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "உள்ள ஒண்ணும் இல்லண்ணே, வந்தாத்தானே போக" என்றான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

சமையல் கூடத்துக்கு மேஸ்திரியாக இருந்த சிக்கந்தர் பாய், அவரும் ஆயுள் கைதிதான், பெரிய அண்டாவை ஒற்றை ஆளாகச் சாய்க்கிற மனிதர், காத்தமுத்துவை உட்காரவைத்துத் தன் எதிரிலேயே ஒரு தட்டுச் சோற்றைத் தின்னச் சொல்லி, முதல் கவளத்திலிருந்து கடைசிப் பருக்கைவரை கண்கொட்டாமல் பார்த்தார், வயிற்றில் கைவைத்து அமுக்கிப் பார்த்தார், பிறகு இன்னொரு தட்டு வைத்தார், அதையும் அவன் தின்றான், மறுபடி கைவைத்துப் பார்த்தார். இரண்டாவது தட்டு வயிற்றில் இருந்தது.

"முதல் தட்டு உனக்கில்லைடா" என்றார் பாய். "நான் பொங்கின சோறு. காத்துல கரையாது. எங்கயோ ஒரு வகுத்துல போய் உக்காந்திருக்கு."

ஏன் போகிறது, எப்படிப் போகிறது என்று நாலாம் பிளாக்கில் ஒருவனும் கேட்கவில்லை. எங்களுக்கு அதைவிட முக்கியமான விஷயம் இருந்தது: இரண்டாவது தட்டுக்கு எங்கே போவது? ஆளுக்கு ஒரு அச்சுச் சோறுதான் அளவு. ஒரு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை, காத்தமுத்து காய்ந்துகொண்டே போனான். எட்டாம் நாள் பகல் சாப்பாட்டில், திருட்டு வழக்கில் வந்த ஒருத்தன் முணுமுணுத்துக்கொண்டே தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு காலித் தட்டில் போட்டான். பக்கத்திலிருந்தவன் அவனை முறைத்துவிட்டுத் தானும் ஒரு பிடி போட்டான். அந்தத் தட்டு வரிசை நெடுக நகர்ந்து முடிவில் காத்தமுத்து முன்னால் வந்தபோது சோறு குவிந்திருந்தது. அன்றிலிருந்து நாலாம் பிளாக்கில் யாரும் முதல் பிடியைத் தான் தின்றதில்லை. நான் என் உருளைக்கிழங்கையும் போட்டேன். மனசார என்று சொன்னால் அது பொய்.

அந்த முதல் தட்டு யாருக்குப் போகிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காத்தமுத்துவுக்கு உலகத்தில் இருப்பது ஒரே மகள், சுபாஷினி. அவன் உள்ளே வரும்போது நாலு வயசு, இப்போது பத்தாம் வகுப்பு. தாய்க்காரி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபின், உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்த அவன் அக்காள் அழகி வீட்டில் வளர்கிறாள். வளர்கிறாள் என்றால் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, ஆடு பத்திக்கொண்டு, மிஞ்சின கஞ்சியைக் குடித்துக்கொண்டு. பத்தாவது பரீட்சை முடிந்ததும் நூல் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடப் போகிறேன், இதற்குமேல் என்னால் முடியாது என்று அழகி கடிதம் போட்டிருந்தாள், நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். பதினொரு வருஷத்து நன்னடத்தைக்காகக் காத்தமுத்துவின் பெயர் முன்விடுதலைக் கமிட்டிக்குப் போயிருந்தது. தை மாதம் கமிட்டி. கையெழுத்து விழுந்தால் பங்குனிக்குள் வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம். விழாவிட்டால் மகளுக்கு மில். இதைத்தான் அவன் மூன்று வேளையும் சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தான்.

குழந்தை சாப்பிடுகிறது என்று ஆனபின் சமையல் கூடம் மாறியது. சிக்கந்தர் பாய் மிளகாயைப் பாதியாகக் குறைத்தார். நாற்பது வருஷமாக அந்தச் சிறையில் அரிசியோடு வெந்துகொண்டிருந்த கல்லை, மூன்று பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொறுக்கினார்கள், அந்த மூன்று பேரில் ஒருவன் வெளியே இருந்தபோது பெரிய ரவுடி. அரையாண்டுப் பரீட்சை வருகிறதென்று வெண்டைக்காய் போடச் சொன்னார்கள், மழைக்காலத்தில் மோர் வேண்டாம் சளி பிடிக்கும் என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் அபூர்வமாக ஒரு கால் தட்டுப்பட்டால் அது கை கையாகக் கடந்து முதல் தட்டுக்குப் போனது, தன் சொந்தப் பிள்ளையின் முகத்தை மறந்துபோனவன்கூட "மெதுவா மெல்லுடா, பிள்ளைக்கு விக்கப்போகுது" என்று அதட்டினான். காத்தமுத்து ஒவ்வொரு கவளத்தையும் பயந்து பயந்து தின்றான். கல் இருக்குமோ, காரம் இருக்குமோ, எனக்குக் காய்ச்சல் வந்து தின்ன முடியாமல் போனால் அவள் என்ன செய்வாள் என்று கேட்டுக்கேட்டு என் உயிரை வாங்கினான்.

ஒரு தொல்லை மட்டும் கூடவே வந்தது. ஆவணியில் அவன் இளைத்த இளைப்பைப் பார்த்த சிறை டாக்டர், இவன் ரகசியமாக உண்ணாவிரதம் இருக்கிறான் என்று எழுதிவைத்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் தலைமை வார்டர் தங்கையா வந்து எதிரில் நின்று, அவன் தின்பதைப் பார்த்து, ஒரு நோட்டில் 'உண்டார்' என்று எழுதவேண்டும். உண்ணவில்லை என்று ஒரு வேளை விழுந்தாலும் நன்னடத்தை போச்சு, கமிட்டியும் போச்சு. அவன்தான் விழுந்து விழுந்து தின்கிறானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

கார்த்திகையில் சுபாஷினி மனுவுக்கு வந்தாள். அழகி வாசலிலேயே நின்றுகொண்டாள். நாலாம் பிளாக் முழுக்க ஜன்னலில் தொங்கியது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற பிள்ளையைப் பார்த்ததும் என் பேனா நின்றுவிட்டது. கழுத்தெலும்பு இரண்டும் சட்டைக்கு வெளியே தெரிந்தன.

"சாப்பிட்டியாத்தா?" என்றான் காத்தமுத்து.

"அத்தை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டாங்கப்பா. போய்க் குடிச்சுக்குவேன்."

"வகுறு நெறைஞ்ச மாதிரி இருக்குதாத்தா? ஏழு மணிக்கு? பதினோரு மணிக்கு?"

பிள்ளைக்கு என்ன கேட்கிறான் என்றே புரியவில்லை. "எனக்கு எப்பவும் பசிதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்று நாலரைக்குச் சிக்கந்தர் பாய் சாம்பாரில் அள்ளிக் கொட்டிய மிளகாய்த் தூளில் பிளாக்கே இருமியது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று மாதமாக எந்த நாய்க்குக் கல் பொறுக்கிப் போட்டோம் என்று ஆளாளுக்குக் கறுவினார்கள். வக்கீலுக்கா, சாட்சி சொன்னவனுக்கா, எவனாவது ஊர் பேர் தெரியாத சோம்பேறிக்கா? இரண்டாவது தட்டு பாதி வரிசையிலேயே நின்றுபோன வேளைகளும் உண்டு. காத்தமுத்துவோ யாரைப் போஷிக்கிறோம் என்று தெரியாமல், நிறுத்தவும் வழியில்லாமல், வார்டரின் நோட்டுக்காக மென்று விழுங்கிக்கொண்டு, சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனாக ஆனான். அந்த இரண்டு மாதம் போல மோசமான மாதங்களை நான் உள்ளே பார்த்ததில்லை.

தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் மனு நோட்டில் நான் ஒரு பெயர் எழுதினேன்: சீனியம்மாள், உறவு பெரியம்மா. எழுதிவிட்டுத்தான் யார் என்று உறைத்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், குலசாமி கோயில் கிடாவெட்டில், தலைக்கறி எந்த வீட்டுப் பங்கு என்று பங்காளிகளுக்குள் பேச்சு முற்றி, அடுப்பிலிருந்து உருவிய கட்டையால் காத்தமுத்து ஒரே அடியில் சாய்த்தானே, பெரியப்பா மகன் வெள்ளைக்கண்ணு, அவனைப் பெற்றவள். புருஷனும் இல்லாதவள், ஒரே பிள்ளைக்காரி. கரிமூட்டத்தில் வேலை பார்த்துக் கறுத்த கைகளோடு, கம்பிவலையைப் பிடிக்காமல் ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"ஏலே, நீதான திங்கிற?" என்றாள்.

காத்தமுத்து வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஆவணியிலேர்ந்து நான் அடுப்புப் பத்தவைக்கலை. பத்தவைக்கத் தேவைப்படலை. காலையில ஏழு மணிக்கு வகுறு நெறையுது. பதினோரு மணிக்கு நெறையுது. பேய் பிடிச்சிருச்சுன்னு கோடாங்கி பாத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்புறம்தான் யோசிச்சேன். சாயங்காலம் நாலரை மணிக்கு நெறையுதே, ஊர்ல எவன் நாலரைக்கு ராச்சோறு திங்கிறான்? ஆஸ்பத்திரியிலகூட ஏழு மணி. போலீஸ்காரன் பொண்டாட்டி ஒருத்திதான் சொன்னா, அது ஜெயில் சோத்து நேரம்னு." அவள் குரல் ஏறவே இல்லை. "ஜெயில்ல எனக்கு யாரு இருக்கா? நீ ஒருத்தன் இருக்க."

"பெரியம்மா, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சு செய்யி, தெரியாமச் செய்யி. அமாவாசைக்கு அமாவாசை எம்பிள்ளைக்கு நான்தான் வெறும் வகுத்தோட கெடந்து காக்காய்க்குச் சோறு வைக்கணும். அவனுக்குப் பிள்ளையா குட்டியா? பக்கத்து வீட்ல அரிசி குடுத்துப் பொங்கி வாங்கி வைக்கிறேன், எனக்குள்ள உன் சோறு கெடக்கு. நாலு அமாவாசையாக் காக்கா எறங்கலை. கூரை மேல உக்காந்து பாத்துட்டுப் பறந்துபோயிருது. எம்பிள்ளை நாலு மாசமாப் பட்டினி, நான் அவனைக் கொன்னவன் கையால தின்னு ஏப்பம் விட்டுக்கிட்டிருக்கேன்." அப்போதுதான் ஒரு அடி முன்னால் வந்தாள். "நாளைக் கழிச்சுத் தை அமாவாசை. ஒரு நாள். ஒரு நாள் வாயைத் திறக்காம இரு. வேற ஒண்ணும் உங்கிட்டக் கேக்க வரலை."

"சரி பெரியம்மா" என்றான். போகத் திரும்பியவளிடம், "சுபாஷினியப் பாத்தீங்களா, எப்பிடி இருக்கா?" என்று கேட்டான்.

"மூணாவது வீடுதான். பாக்கலை, பாக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரி என்று சொல்லிவிட்டான், சொல்லத்தான் எவ்வளவு நேரம்? அமாவாசையன்றுதான் கமிட்டி வருகிறது என்பது பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். நான் உடனே விரத அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு ஜெயிலரிடம் ஓடினேன். விரதம் என்றால் ஏழு நாள் முன்னால் எழுதித் தரவேண்டும், அதிலும் டாக்டர் கண்காணிப்பில் இருப்பவனுக்கு விரதம் கிடையவே கிடையாது என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார். இரண்டு நாளும் பிளாக் முழுக்க அவனைச் சுற்றி உட்கார்ந்து மன்றாடியது. அந்தம்மா பாவம்தான், அடுத்த அமாவாசைக்கு இருந்துக்கோ, அதற்கு அடுத்ததற்கும் இருந்துக்கோ, ஒன்றும் கெட்டுப்போகாது, இந்த ஒரு நாள் மட்டும் தின்றுவிடு என்றார்கள்.

"மகளை நினைடா" என்றேன் நான். "மில்லுக்குப் போனா அந்தப் பிள்ளை திரும்புமா?"

"நினைக்காமயா இருக்கேன் ரைட்டரண்ணே" என்றான். "பெரியம்மா பிள்ளைய நான் எடுத்துக்கிட்டேன். இப்ப அவுக பட்டினியையும் எடுத்துக்கிடச் சொல்றீகளா?"

ஜெயிலர் திருப்பித் தந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அமாவாசையன்று காலைப் பொங்கலைச் சமாளித்துவிட்டோம். தங்கையாவிடம் சிக்கந்தர் பாய் ஏற்கெனவே காலில் விழாத குறையாகப் பேசிவைத்திருந்தார். தங்கையா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தொண்டையைக் கனைத்தார், பக்கத்திலிருந்தவன் தட்டை வழித்தான், நோட்டில் 'உண்டார்' என்று விழுந்தது. பதினொன்றுக்கும் அப்படியே என்று ஏற்பாடு. பதினொன்றுக்குச் சோற்று வண்டி வந்தபோது அதன் பின்னாலேயே கமிட்டியும் வந்தது. தலைவராக வந்தவர், கைதியையும் 'நீங்க' என்று கூப்பிடுகிற, உண்மையிலேயே நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயரை வாசித்து முடித்திருப்பார். இவரோ, "இந்த பிளாக் சாப்பாடு நல்லா இருக்காமே, நானும் உங்களோட சாப்பிடுறேன்" என்று சொல்லி, சூப்பிரண்டு பதற, வேட்டியை மடித்துக்கொண்டு வரிசையில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் காத்தமுத்துவுக்கு நேர் எதிர்.

"நீங்கதானே காத்தமுத்து? உங்க ஃபைல் படிச்சேன். ஒரு குறை இல்லை. பொண்ணு பத்தாவது, இல்லையா? சாப்பிடுங்க, சாப்பிட்டுட்டே பேசுவோம்."

காத்தமுத்து கையைத் தட்டில் வைக்கவில்லை. நாற்பது பேர் மெல்லாமல் உட்கார்ந்திருந்தோம். நான் பக்கத்திலிருந்து அவன் தொடையைக் கிள்ளினேன், "தின்னுடா, ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினேன். வெளியே வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, அங்கே ஊரில் அவள் இந்நேரம் இலையைக் கூரைமேல் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றிருப்பாள்.

"வேண்டாங்கய்யா" என்றான்.

"ஏன், உடம்பு சரியில்லையா? ஏதாவது கோரிக்கையா?"

"கோரிக்கை ஒண்ணும் இல்லீங்கய்யா. நான் தின்னா எங்க பெரியம்மாவுக்கு வகுறு நெறைஞ்சிரும். அவுக இன்னைக்கு விரதம்."

அவர் சிரிக்கவில்லை. தன் கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். காத்தமுத்து எல்லாவற்றையும் சொன்னான், ஆவணிச் செவ்வாய்க்கிழமை, கக்கூஸ் வரிசை, கல் பொறுக்கியது, மகளின் கழுத்தெலும்பு, நாலரை மணி, கூரைமேல் உட்கார்ந்து பறந்துபோகும் காக்கை. பாதிக் கதையில் சூப்பிரண்டு அவனை எழுப்பப் பார்த்தார், தலைவர் கையமர்த்தினார். கடைசிவரை அவ்வளவு பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வளவு வருத்தத்தோடு பேனாவைத் திறந்து, மனநலப் பரிசோதனை தேவை, முன்விடுதலை பரிசீலனை மூன்று வருஷம் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதினார். நான் எத்தனையோ பொய்களை எழுதி முத்திரை வாங்கியிருக்கிறேன், ஒருத்தன் உண்மையைச் சொன்னதற்கு இப்படி எழுதப்பட்டதை எதிரில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது. நாலரைச் சோற்றையும் காத்தமுத்து தொடவில்லை. தங்கையா, இனி எழுதினால் என்ன எழுதாவிட்டால் என்ன என்று நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் காலை பொங்கல். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் முதல் தட்டைத் தின்றான். இரண்டாவது தட்டு வரிசையில் நகர்ந்து அவனிடம் வந்தபோது கையை நீட்டாமல், தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்தான்.

"போதும்ணே" என்றான். "நெறைஞ்சிருச்சு."

யாரோ கைதட்டப் போனான், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நான் ஏழு வருஷமாக மனிதர்களின் பயத்தைப் பார்த்தவன், தீர்ப்பு வாசிக்கும்போதுகூட இப்படி ஒரு பயத்தை எவன் முகத்திலும் பார்த்ததில்லை. "வகுத்துக்காரி இருந்தாத்தானே அங்க போகும்? எனக்குள்ளயே தங்கிருச்சே. அவுகளுக்கு என்னாச்சு?" என்றான். எங்கள் எல்லாருக்கும் அப்போதுதான் அது உறைத்தது. வெறும் வயிற்றோடு வெயிலில் அண்ணாந்து நின்றவள், நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டாளோ? மகன் பசியாறியதும் இனி எதற்கு என்று அவளும் போய்விட்டாளோ? ஐந்து மாதமாகப் பசித்த பசிதான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி, இப்போது அதுவும் இல்லை.

அதற்குப்பின் பதினோரு நாள். நான் மூன்று கார்டு எழுதினேன், அழகிக்கு ஒன்று, ஊர்த் தலையாரிக்கு ஒன்று, சீனியம்மாளுக்கே ஒன்று; ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொரு வேளையும் காத்தமுத்து ஒரு கவளம் தின்பான், வயிற்றைத் தொடுவான், கவளம் அங்கேயே இருக்கும், எழுந்துபோய்ச் சுவரோரம் நிற்பான். பிளாக்கில் யாரும் பிடி போடுவதை நிறுத்தவில்லை. அவன் தின்னாத இரண்டாவது தட்டு நடுவில் ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தது, அதை எடுத்துவிட்டால் ஏதோ முடிந்துபோய்விடும் என்பதுபோல. ஏழாம் நாள் ஜெயிலர் அவனை ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கமிட்டி உத்தரவை வாசித்துக் காட்டினார். மூன்று வருஷம் என்ற இடத்தில் நிறுத்தி, அவன் அழுவான் என்று காத்திருந்தார்.

"அய்யா, எங்க ஊர்ல இருந்து சாவுச் சேதி ஏதும் வந்திருக்குங்களா?" என்று கேட்டான் காத்தமுத்து.

வரவில்லை என்றார் ஜெயிலர். அவன் கும்பிட்டுவிட்டு வந்தான். அன்று மட்டும் கொஞ்சம் தூங்கினான்.

பன்னிரண்டாம் நாள் மனு. நோட்டில் கைதி பெயருக்கு எதிரே எழுத நான் நிமிர்ந்தபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சீனியம்மாள் நின்றிருந்தாள், அவள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு சுபாஷினி. காத்தமுத்து வந்தவன் வலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இருக்கீகளா பெரியம்மா" என்றான்.

"இருக்கேன். காக்கா வந்துச்சு. கா கான்னு நான் கூப்பிடக்கூட இல்லை, மொதல் உருண்டைய அலாக்கா எடுத்துட்டுப் போயிருச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் எனக்குப் பசிச்சுச்சு. எம்பசி. அஞ்சு மாசம் கழிச்சு. சாயங்காலம் அடுப்பைத் தட்டி உலை வச்சேன்."

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். உன் சோத்துக்கு அது எவ்வளவோ தேவலை." அவள் பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை, அதன் தலைமேல் கை மட்டும் போயிற்று. "ஆனா அரிசி அள்ளும்போது கை பழைய அளவுக்குத்தான் போகுது. வெள்ளைக்கண்ணு இருந்தப்ப பொங்குற அளவு. இத்தனை வருசம் மிச்சத்தை நாய்க்குத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு மனசு வரலை. மூணாவது வீட்டு வாசல்ல இவ உக்காந்து தட்டைக் கழுவிக்கிட்டிருந்தா, கூப்பிட்டேன்."

"தினமும் அங்கதாம்ப்பா சாப்பிடுறேன்" என்றாள் சுபாஷினி. கழுத்தெலும்பு இன்னும் தெரிந்தது, ஆனால் கன்னத்தில் ஏதோ ஒரு தெளிவு இருந்தது. "அவுங்க வீட்லதான் படிக்கிறேன்."

காத்தமுத்து கம்பிவலையில் நெற்றியை வைத்து அழுதான். சீனியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"உன்னைய மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. மன்னிக்கலை, மன்னிக்கவும் மாட்டேன். நீ உள்ளயே கெட, மூணு வருசமோ முப்பது வருசமோ."

"சரி பெரியம்மா. பரீட்சை முடிஞ்சதும் அக்கா இவளை மில்லுக்கு அனுப்பப் போறா. அதை மட்டும் எப்பிடியாச்சும்..."

"மில்லுக்கா?" என்றாள் சீனியம்மாள், ஏதோ தன்னைத் திட்டிவிட்டதுபோல. "மில்லுக்கு எவ அனுப்புறா பாக்குறேன். ஒத்தை ஆளுக்குப் பொங்க எனக்கு வராதுடா. அங்க போயிட்டா நான் பொங்குற சோத்தை யாரு திங்கிறது?"